பெரியவர்களை எழுத்துக்கூட்டி வாசிக்க வைப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் ஊரின் பெரிய சாலையில் என் தங்கை போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறாள். ஐ.சி. (அடையாள அட்டை) நகல் எடுப்பது, பாரம் நிரப்பித் தருவது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரிண்ட் எடுப்பது, இதுதான் வியாபாரம். நான் தமிழ்ப்பள்ளியில் குறைநீக்கல் (படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான) ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கடையின் பின் அறையில் சாயங்கால நேரத்தில் பெரியவர்களுக்கு வாசிக்கச் சொல்லித் தருகிறேன். ஆள் பிடிக்க நான் எங்கும் போவதில்லை. "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன், நீங்களே எழுதிடுங்களேன்" என்று பாரத்தை நீட்டுகிற பலரிடம் கண்ணாடியே கிடையாது என்பது தங்கைக்குத் தெரியும். அவள் பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, "அக்கா பின்னாடிதான் இருக்காங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்பாள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அண்ணனோ அக்காவோ இருக்கலாம். அவர்களுக்குச் சொல்லித் தர டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வழி தெரிந்தால் போதும், அவசரம் இருக்கக்கூடாது.

சிலருக்குப் பள்ளிக்கூடமே சரியாக அமையவில்லை. பாதியில் நிறுத்தி ரப்பர் தோட்டத்தில் ஒட்டுப்பால் பொறுக்க அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு ஓர் ஆள் உட்கார்ந்து சொல்லித் தந்தால் மளமளவென்று வந்துவிடும். நான் அதிகம் பார்ப்பது மற்றவர்களை. ஆறாம் ஆண்டு வரை ஒழுங்காகப் போயும் எழுத்து பிடிபடாதவர்கள். பேச்சில் கெட்டி, கணக்கில் கெட்டி, மோட்டார் இன்ஜினைப் பிரித்து மாட்டுவார்கள், ஒரு வரி வாசிக்கச் சொன்னால் வியர்த்துவிடும். அந்தக் காலத்தில் மக்கு என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இப்போது டிஸ்லெக்சியா என்கிறோம். எழுத்தை ஓசையோடு பிணைக்கிற வேலை அவர்களுக்குச் சிரமமாக நடக்கிறது, அறிவுக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள், எதையுமே மெதுவாகக் கற்கிறவர்கள் வேறு வகை. அவர்களுக்கு வழி கொஞ்சம் மாறும், பின்னால் சொல்கிறேன்.

எழுத்தைத் தொடுவதற்கு முன் கண்ணைச் சோதிக்க வேண்டும். நாற்பது தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லோருக்கும் வருவது. நம் ஆட்களில் இனிப்பு நீர் உள்ளவர்கள் அதிகம், சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் கலங்கும். காதையும் பாருங்கள். மில்லில் இயந்திரத்தின் பக்கத்திலேயே காலம் தள்ளியவருக்கு 'பி' ஓசையும் 'டி' ஓசையும் ஒன்றாகவே கேட்கலாம். கண்ணாடியிலேயே தீர்கிற விஷயத்தை வருஷக்கணக்காக மூளைக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு.

சரி, இப்போது உட்கார்ந்தாயிற்று. ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இத்தனை வருஷம் வாசிக்காமல் பிழைத்தவர் ஊகிப்பதில் பெரிய ஆள். ஈப்போ பஸ் எது என்று கேட்டால் சரியாகச் சொல்வார், எண்ணும் நிறமும் பார்த்து. பூச்சி மருந்து டப்பாவை மண்டையோட்டுப் படத்தையும் கலர்ப் பட்டையையும் வைத்தே பிரித்துவிடுவார். சொல் என்று வந்தால் முதல் எழுத்தையும் நீளத்தையும் பார்த்து, இதுவாகத்தான் இருக்கும் என்று அடித்துவிடுவார். பத்துக்கு ஏழு சரியாகவும் இருக்கும். அதனால்தான் யாருக்கும் தெரியாமல் போகிறது.

மீதி மூன்றில்தான் ஆபத்து. அரசாங்க கிளினிக்கில் தருகிற மருந்துப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 'செபெலும் மாக்கான்' என்றிருக்கும், சாப்பாட்டுக்கு முன். இன்னொன்றில் 'செலெபாஸ் மாக்கான்', சாப்பாட்டுக்குப் பின். இரண்டும் 'செ'யில் தொடங்குகின்றன, நீளமும் ஏறக்குறைய ஒன்று, பின்னால் வருகிற சொல்லும் ஒன்றே. என்னிடம் வருகிற ஓர் அக்கா இரண்டு பையையுமே கடகடவென்று 'செலெபாஸ் மாக்கான்' என்று வாசித்தார். வாயைத் திறந்த வேகத்தைப் பார்த்தால் படித்தவர் என்றுதான் நினைப்பீர்கள். முதல் எழுத்துக்கு அப்புறம் அவர் கண் போகவே இல்லை.

ஆகவே நம் வேலை, சொல்லின் நடுவிலும் கடைசியிலும் இருக்கிற எழுத்தைப் பார்க்க வைப்பது. நான் சொல்கிற மற்ற எல்லாமே இதற்காகத்தான்.

முதல் நாள் கிளிப்படம், மாம்பழப்படம் போட்ட பாலர் புத்தகத்தைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். பேரப்பிள்ளை படிக்கிற புத்தகத்தைத் தாத்தா கையில் கொடுத்தால் அவர் மறு நாள் வரமாட்டார். "எந்தத் தாளை நீங்களே வாசிக்கணும்னு ஆசை?" என்று கேளுங்கள். என்னிடம் வந்தவர்கள் சொன்னவை: மருந்துப் பை, சம்பளச் சிட்டை, மகள் அனுப்புகிற வாட்ஸ்அப், மோட்டார் லைசென்ஸ் கேள்விகள், தேவாரம். அந்தத் தாளையே கொண்டு வரச் சொல்லுங்கள். பாடம் அதிலிருந்து பிறக்கட்டும்.

தமிழா மலாயா என்ற கேள்வி வரும். தமிழில்தான் தொடங்க வேண்டும் என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் மனசும் புரிகிறது. என் கணக்கு வேறு. எந்த மொழித் தாள் அவருக்கு முதலில் வேண்டுமோ அந்த மொழி. மலாய் எழுதுவது ரூமியில், அதாவது ஆங்கிலத்தின் அதே 26 எழுத்தில், பெரும்பாலும் எழுதின மாதிரியே வாசிக்கலாம், அசை அசையாகப் பிரியும். தமிழுக்கு 247 என்று பயமுறுத்துவார்கள், ஆனால் உண்மையில் 12 உயிரும் 18 மெய்யும் குறிகளும் தெரிந்தால் மீதி தானாக வரும். இரண்டுமே முடியும். இரண்டையும் ஒரே சமயத்தில் ஆரம்பிப்பது மட்டும் வேண்டாம். ஒன்று காலூன்றட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1986-இல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைப் பிரித்து ஓசையாக்குவதும் மொழி புரிவதும் பெருகி வருவது என்றார்கள். பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். தோட்டத்திலேயே வாழ்ந்து மலாய் அதிகம் பேசாத பாட்டி 'செபெலும்' என்று அழகாக எழுத்துக்கூட்டினாலும் அர்த்தம் தெரியாவிட்டால் மாத்திரை தப்பித்தான் போகும். அவருக்கு முதலில் சொல்லைக் காதில் போடுங்கள், அப்புறம் கண்ணில்.

மலாயில் தொடங்குவதானால் பேச்சில் ஏற்கெனவே பழகிய, இரண்டு அசைச் சொற்களாக எடுங்கள். ஒட்டுக்கடைப் பலகையே போதும்: ரோ-தி, கோ-பி, சு-சு (பால்), கு-லா (சர்க்கரை). அதோடு கா-ஜி, சம்பளம். இந்தச் சொல் பிடிக்காதவர் யார்? நம் பள்ளிகளில் 'எஸ்-யு சு, எஸ்-யு சு' என்று எழுத்தின் பெயரைச் சொல்லி ராகம் போடுவது பழக்கம். டிஸ்லெக்சியா உள்ளவர் அந்த ராகத்தை மனப்பாடம் பண்ணிவிட்டு எழுத்தைப் பார்க்காமலே பாடுவார். எழுத்தின் பெயரை விடுங்கள். ஓசையை மட்டும் சொல்லுங்கள்: 'ஸ்', 'உ', சு. ஒவ்வோர் அசைக்கும் மேசையில் ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். தோட்டத்துத் திருவிழாவில் உறுமி அடித்தவருக்கு இது சொல்லித்தர வேண்டியதே இல்லை.

இரண்டு அசை பழகியதும் நம் ஊர்ப் பெயருக்கு வாருங்கள். சுங்கை சிப்புட் என்ற பலகையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறார்கள், ஆனால் முழுச் சொல்லாக, படம் மாதிரி. 'சி', 'புட்' என்று அவர்களே பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சிரிப்பார்கள். 'சுங்கை'யில் 'என்'னும் 'ஜி'யும் சேர்ந்து ஒரே ஓசை 'ங்' ஆவதை அங்கேயே காட்டிவிடலாம். 'மின்யாக்'கில் 'என்'னும் 'வை'யும் சேர்ந்து 'ஞ' ஆவதும் அப்படித்தான். எண்ணெய்ப் போத்தலை மேசையில் வைத்தே சொல்லித் தருகிறேன்.

நடு எழுத்தைப் பார்க்க வைக்க என்னிடம் இருக்கிற கருவி பழைய காலண்டர் அட்டை. ஐ.சி. அளவுக்கு வெட்டி, நடுவில் ஒரு அசை மட்டும் தெரிகிற அளவில் சதுரத் துவாரம் போடுங்கள். சொல்லின் மேல் வைத்து இடமிருந்து வலமாக நகர்த்த வேண்டும். நகர்த்துவது அவர் கை, உங்கள் கை அல்ல. 'செ' தெரியும். நிறுத்துங்கள். அடுத்தது 'பெ'யா 'லெ'யா? இப்போது ஊகிக்க வழியே இல்லை, பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த அக்கா மருந்துப் பையை இப்படித்தான் வாசித்தார். முதல் தடவை 'செ-பெ' என்று வந்ததும் நின்றுவிட்டு, "அப்ப இத நான் இத்தன நாளா சாப்பிட்டுட்டுப் போட்டுக்கிட்டு இருந்தேனா?" என்றார். மறுநாளே கிளினிக்கில் கேட்டுவிட்டு வரச் சொன்னேன்.

எழுத்து மறந்து மறந்து போகிறவர்களுக்குக் கையையும் சேர்க்க வேண்டும். 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் சேர்ந்து உருவாக்கிய முறையில், கண், காது, வாய், கை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். எழுத்தைப் பார்த்து, ஓசையைச் சொல்லிக்கொண்டே, பெரிதாக எழுத வேண்டும். பள்ளியில் பிள்ளைகளுக்கு மணலில் எழுத வைப்போம். பெரியவர்களுக்கு வேண்டாம், கூச்சப்படுவார்கள். சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகையில் தோளிலிருந்து கை முழுவதும் அசைகிற மாதிரி எழுதச் சொல்கிறேன். 'பி'யும் (b) 'டி'யும் (d) சின்ன எழுத்தில் குழம்பினால் இரண்டையும் ஒரே நாளில் சொல்லித் தராதீர்கள். 'பி' நன்றாகப் பழகி, தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற நிலை வந்த பிறகுதான் 'டி'.

தமிழில் வேறு சிக்கல்கள். துணைக்காலும் 'ர'வும் அச்சில் கிட்டத்தட்ட ஒன்று போல இருக்கும், 'கா' எது 'கர' எது என்று தடுமாறுவார்கள். 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. 'கொ' இன்னும் மோசம், எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறது. இதற்கு நான் செய்வது, குறியைச் சிவப்பு மையிலும் மெய்யைக் கறுப்பிலும் எழுதி, "முதல்ல கறுப்பு, அப்புறம் சிவப்பு" என்று சொல்லச் சொல்வது. கொஞ்சம் பழகியதும் சிவப்பை நிறுத்திவிடலாம். ழகரத்துக்காக மல்லுக்கு நிற்காதீர்கள். 'வாளப்பளம்' என்று வாசித்தாலும் கையில் வாழைப்பழம் எடுத்தால் வாசிப்பு சரியே. மூன்று லகரமும் மூன்று னகரமும் எழுதுகிறபோது பார்த்துக்கொள்ளலாம், 'கௌ'வை மறந்தே விடலாம்.

எழுத்து கொஞ்சம் கைக்கு வந்ததும், வாசிக்க என்ன கொடுப்பது? பத்திரிகைச் செய்தி கடினம், பாலர் கதை அவமானம். அவரையே பேச விடுங்கள். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வாய்ப்படியே நான்கு வரி எழுதுங்கள். தோட்டத்தில் மருந்தடிக்கிற அண்ணன் ஒருவர் சொன்னது (பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கூடுவது, மண்டோர் என்றால் மேற்பார்வையாளர்): "காலைல பெரட்டுல நின்னோம். மழ வந்துச்சு. மண்டோரு வீட்டுக்குப் போகச் சொன்னாரு. பாதிப் பேரு கோபிக் கடைக்குத்தான் போனோம்." இலக்கணப்படி திருத்தினால் அது அவருடைய வாக்கியம் அல்ல, வாசிக்க மறுபடியும் திணறுவார். என் சக டீச்சர்கள் இதற்கு என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை. அவர் சொன்ன சொல் என்பதால் அடுத்து வருவது என்ன என்று மனசுக்குத் தெரியும், கண் அதைச் சரிபார்க்கப் பழகும். அப்புறம் அந்த வரிகளை வெட்டிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். மனப்பாடத்தில் ஓட்டுகிறாரா, எழுத்தைப் பார்க்கிறாரா என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஒரே தாளை மூன்று நான்கு முறை வாசிப்பது அலுப்பு என்று நினைக்காதீர்கள். வேகம் அப்படித்தான் வரும். முதல் முறை நீங்களும் கூடவே சத்தமாக வாசியுங்கள், அவர் வேகத்துக்கு. அவர் மேசையில் ஒரு விரல் தட்டினால் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று பேசி வையுங்கள். தடுக்கி நின்றால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், அதற்குள் வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். தடுக்கிய இடத்தில் பாடம் எடுக்க ஆரம்பித்தால் கதை அறுந்துபோகும்.

செம்பனைக் குலை வெட்டுகிற தம்பி ஒருவர் மோட்டார் லைசென்ஸுக்காக வந்தார். கணினிச் சோதனையில் 50 கேள்வி, 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. சாலை விதியெல்லாம் அவருக்குத் தெரியும். கவிழ்த்தது 'கெசுவாலி' என்ற ஒரு சொல். 'கீழ்க்கண்டவை அனைத்தும் சரி, எதைத் தவிர?' என்கிற மாதிரியான கேள்விகளில் அது வரும். கேள்வியில் பழகிய சொல்லைக் கண்டதும் பழகிய விடையைத் தட்டிவிடுவார். 'கெசுவாலி' (தவிர), 'தீடாக்' (இல்லை), 'ஜாங்கான்' (வேண்டாம்), 'டிலாராங்' (தடை) என்ற நான்கையும் தனி அட்டையில் எழுதி, பயிற்சிக் கேள்வி ஒவ்வொன்றிலும் விடையைப் பார்க்கும் முன் இந்த நான்கில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் தேடி வட்டம் போடச் சொன்னேன். எந்தத் தாளாக இருந்தாலும் அர்த்தத்தைத் தலைகீழாக்குகிற இந்தச் சொற்களைத் தனியாகப் பழக்குங்கள். பூச்சி மருந்து டப்பாவில் எச்சரிக்கை தமிழிலும் அச்சடித்திருக்கும். அதில் 'கூடாது', 'வேண்டாம்' போன்ற சொற்களைத் தேடுவதிலிருந்து ஆரம்பியுங்கள்.

சம்பளச் சிட்டையில் எண் துணைக்கு வரும். 'காஜி போக்கோக்', அதாவது அடிப்படைச் சம்பளத்துக்கு எதிரே 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்றிருந்தால், அதில் 11 விழுக்காடு ஈ.பி.எஃப். (சேமநிதி) 187 வெள்ளி. இந்தக் கணக்கு அவர்கள் விரல் நுனியில். 187 எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு, பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டினால் சொல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 'பொத்தோங்கான்', பிடித்தம். அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்து, எதற்குப் பிடித்தார்கள் என்று ஆபீசில் போய்க் கேட்கிற அளவுக்கு ஓர் அண்ணன் முன்னேறினார். ஆபீஸ் கணக்குப் பார்க்கிற கிராணிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று கேள்வி.

டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு வருகிறேன். அவர்களில் பலருக்குக் காதால் கேட்டு நினைவில் வைப்பதைவிடக் கண்ணால் பார்த்து நினைவில் வைப்பது சுலபம். ஆகவே முழுச் சொல்லாகத் தொடங்குங்கள். அம்மா, அண்ணன், பூனை என்று வீட்டுப் படங்களுக்கு அடியில் பெயர் எழுதி, படத்தோடு சொல்லைப் பொருத்தவும், பிறகு படமில்லாமல் சொல்லை எடுக்கவும் பழக்குங்கள். 'அவாஸ்' (எச்சரிக்கை), 'பஹாயா' (ஆபத்து), 'கெலுவார்' (வெளியே), 'தண்டாஸ் பெரெம்புவான்' (பெண்கள் கழிப்பறை) போன்ற பொது இடத்துச் சொற்களை அந்தப் பலகை இருக்கிற இடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். அட்டையில் தெரிந்த சொல் பஸ் நிலையத்தில் தெரியாமல் போவது இவர்களிடம் சகஜம். ஐம்பது சொல் சேர்ந்த பிறகு அவற்றையே உடைத்து ஓசை சொல்லித் தரலாம். இவர்களால் வாசிக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கைத்தொலைபேசியைக் குறுக்குவழி என்று ஒதுக்க வேண்டாம். எழுத்து அளவைப் பெரிதாக்குங்கள், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுகிற வசதியைப் போட்டுக் கொடுங்கள். மகளிடம் சொல்லி, தினம் ஒரு வரி எழுத்தில் அனுப்பி, அதையே குரல் பதிவாகவும் அடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதலில் வாசிக்க வேண்டும், அப்புறம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். டிஸ்லெக்சியாவைக் குணமாக்கும் என்று விற்கிற கலர்க் கண்ணாடி, கலர்த் தாள் எதற்கும் காசு கொடுக்காதீர்கள். அதனால் வாசிப்பு முன்னேறுகிறது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை.

கற்றல் குறைபாடு என்பது சமூகநல இலாகாவின் ஓ.கே.யு. (மாற்றுத் திறனாளி) பதிவில் ஒரு தனிப் பிரிவு, டிஸ்லெக்சியாவும் அதில் அடங்கும், வயது தடையில்லை. 2008 ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் கீழ் வருகிறது. பாரத்தில் மருத்துவர் சான்று வேண்டும், நம் ஊர் மருத்துவமனையில் விசாரித்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். மெதுவாகக் கற்கிறவர்களுக்கு இலாகாவின் பி.டி.கே. (சமூக மறுவாழ்வு) மையங்களும் உண்டு. சிலர் கார்டு எடுக்க வெட்கப்படுகிறார்கள். அது அவரவர் முடிவு, என் வகுப்புக்குக் கார்டு தேவையில்லை.

நேரம் அரை மணிக்கு மேல் வேண்டாம். விடியற்காலை பெரட்டுக்குப் போய் வந்த உடம்பு, ஒரு மணி நேரம் தாங்காது. வாரத்தில் ஒரு நாள் நீண்ட வகுப்பைவிட, மூன்று நான்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்வது நல்லது. வீட்டில் சொல்லித் தந்தால் பிள்ளைகள் வேறு அறையில் இருக்கட்டும். கணவருக்கு மனைவியோ மனைவிக்குக் கணவரோ சொல்லித் தருவது பெரும்பாலும் சண்டையில் முடியும். மச்சான், சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு கை தள்ளியிருக்கிற ஆள் உசிதம்.

தீபாவளி, பள்ளி விடுமுறை, குலை அதிகமாக விழுகிற மாதங்கள் என்று இடையில் வராமல் போவார்கள். திரும்பி வரும்போது ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம், எவ்வளவு மறந்திருக்கிறார் என்று சோதிக்கவும் வேண்டாம். கடைசியாகத் தடங்கலில்லாமல் வாசித்த தாளை எடுத்து மேசையில் வையுங்கள். அதை வாசித்து முடித்ததும், அதில் இருக்கிற இரண்டு சொல்லோடு புதிதாக ஒரு சொல் மட்டும் சேருங்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.